ஊதாவாகப் பூத்ததெல்லாம் குறிஞ்சி இல்லை

மழைக்காலம் முடியப்போகிறது என்றாலே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். மலைச்சரிவு முழுக்க ஊதா நிறம், கீழே "12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் குறிஞ்சி, அனைவருக்கும் பகிருங்கள்". போன வாரம் குடும்பக் குழுவில் வந்த படத்தில் செடிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார். செடி அவர் தலைக்கு மேலே போகிறது. அது குறிஞ்சி இல்லை, மகாராஷ்டிரத்துக் கார்வி என்று எழுதினேன். "எதுவா இருந்தா என்ன, அழகா இருக்குல்ல?" என்றார் சித்தப்பா. இந்தப் பதிவு அவருக்குத்தான்.

சித்தப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் கம்மி. புனேவுக்கு வேலைக்கு வந்த புதிதில் சாத்தாராவுக்கு மேலே இருக்கும் காஸ் பீடபூமிக்குப் போனேன். செம்பாறைமேல் துளி மண், அதில் முழங்கால் உயரத்துக்கு உருண்டை உருண்டையாகப் புதர்கள், எல்லாம் நீல ஊதாப் பூ. உடனே படம் எடுத்து "சஹ்யாத்ரியில் நம்ம குறிஞ்சி!" என்று முகநூலில் போட்டேன். நூறு லைக்குக்கு மேல் வந்தது. கீழே டீ விற்ற அம்மாவிடம் படத்தைக் காட்டினால், "டோப்லி கார்வி" என்றார். எனக்குப் புரியவில்லை என்றதும் இரண்டு கையையும் குவித்துக் கவிழ்த்துக் காட்டினார். டோப்லி என்றால் மராத்தியில் கூடை. கவிழ்த்த கூடை மாதிரி வளர்வதால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருடம் எல்லாம் இல்லை, ஏழு வருடத்துக்கு ஒருமுறை.

சரி, பாடம் படித்தாயிற்று என்று நினைத்தேன். 2024-இல் மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் கார்வி பூத்தபோது, கூட வந்த தாணேக்கார நண்பரிடம் "இது டோப்லி கார்வி" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இந்தக் குச்சியை வைத்துத்தான் எங்கள் பாட்டி வீட்டில் சுவரே கட்டினார்கள். கூடைச்செடியில் சுவர் கட்ட முடியுமா?" என்றார். கார்விக் குச்சிகளை வரிசையாக நிறுத்திக் கட்டி, மேலே மண்ணும் சாணியும் பூசுவார்களாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. குச்சி நீளமாக, ஆள் உயரத்தைத் தாண்டி நின்றால் கார்வி. பாறைமேல் குந்தியிருந்தால் டோப்லி.

அப்புறம் இலையைப் பாருங்கள். கார்வி இலை பெரியது, சொரசொரப்பு, ஓரத்தில் பல், தெளிவான காம்பு உண்டு. டோப்லியில் இலை தண்டிலேயே ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும், காம்பு இல்லை என்றே சொல்லலாம். பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். மூன்றுமே ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே பேரினம், கனகாம்பரத்தின் குடும்பம். 1944-இல் பிரெமெகாம்ப் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்தையே துண்டு துண்டாகப் பிரித்து, கார்விக்குத் தனிப் பேரினம் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்கே அந்தப் பாடு!

குறுந்தொகை மூன்றாம் பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதில் தேவகுலத்தார் பூவின் நிறத்தைச் சொல்லவே இல்லை. "கருங்கோல் குறிஞ்சி" என்று தண்டின் நிறத்தைத்தான் சொல்கிறார். மலையைக் கிட்டத்தில் பார்த்தவர் பேச்சு அது. நாமோ நிறத்தையும் 12 என்ற எண்ணையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். ஏழு வருடம் என்றால் ஏதோ மட்டச் சரக்கு மாதிரி முகம் சுளிக்கிறார்கள். ஏழு வருடம் ஒரு செடி வாயை மூடிக்கொண்டு நிற்பது சின்ன விஷயமா?

12 என்ற எண்ணை வைத்துச் செடியைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மூணாறில் 2006, 2018 என்று பெரிய பூப்பு வந்தது. நீலகிரியில் சில சரிவுகள் 2024-இல் பூத்தன, அதுவும் அசல் குறிஞ்சிதான். ஒரே இனத்துக்குள்ளேயே மலைக்கு மலை கடிகாரம் வேறு.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். குறிஞ்சி என்று நம்பிக் கார்விக் கொத்தை முறித்துக் காரில் கொண்டுபோகிறார்கள். குறிஞ்சியாகவே இருந்தாலும் அதே கதைதான். இரண்டும் வாழ்நாளில் ஒருமுறை பூத்து, விதைத்து, செத்துப்போகிற செடிகள். கார்வியின் காய் காய்ந்த குச்சியிலேயே காத்திருந்து அடுத்த மழையில்தான் வெடிக்கும். பட் பட்டென்று சத்தம் கேட்கும் என்கிறார் நண்பர். முறித்த கொத்தில் வெடிக்க என்ன இருக்கும்?

சித்தப்பா, கார்வி மும்பையில் 2008, 2016, 2024 என்று வந்திருக்கிறது. அடுத்தது 2032. மூணாறுக் குறிஞ்சி 2030. முதலில் மூணாறு போவோம், தண்டு கறுப்பா இல்லையா என்று நீங்களே பாருங்கள். வண்டி வாடகை என் செலவு.