சிங்கப்பூரில் ஹொக்கியன் பேசினால் அபராதமா?

"சிங்கப்பூரில் சீனப் பிள்ளைகள் ஹொக்கியனோ கன்டனீஸோ பேசினால் அபராதம். அதனால்தான் அங்குள்ள இளைஞர்கள் வீட்டில் மாண்டரின் மட்டுமே பேசுகிறார்கள், ஆங்கிலத்தை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (ஹொக்கியனும் கன்டனீஸும் சீன வட்டார மொழிகள்; மாண்டரின் சீனர்களின் பொது மொழி.) செய்தி சொல்லும் இரண்டுமே தவறு.

வட்டார மொழி பேசுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே கிடையாது. 1979-ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ தொடங்கிய 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் உண்டு. அதையொட்டித் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வட்டார மொழி நிகழ்ச்சிகள் குறைக்கப்பட்டன. இதுவும் சின்ன விஷயமல்ல. தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சு அறுந்துபோனதாக இன்றும் அங்கே வருத்தப்படுகிறார்கள். ஆனால் வீட்டில் பேசியதற்கு அபராதம் என்பது கற்பனை.

சரி, மாண்டரினாவது வென்றதா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 சதவீதம் (2010-ல் 32.3). மாண்டரின் 29.9, சீன வட்டார மொழிகள் 8.7. இவை எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள சீனக் குடும்பங்களில் 71 சதவீதத்தில் ஆங்கிலமே முதன்மை மொழி என்று 2019-ல் அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கே சொன்னார். ஆங்கிலத்தை வாசலில் நிறுத்தினார்களாம்!

சிங்கப்பூர் புள்ளிவிவரத் துறையின் இணையதளத்தில் கணக்கெடுப்பு அறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்; அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.