கேன்டர்பரி நிலவறையில் இருப்பது பெக்கட்டின் எலும்புகளா?

"இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலய நிலவறையில் புனித தாமஸ் பெக்கட்டின் உடல் இன்றும் இருக்கிறது, 1888இல் கல்லறையைத் திறந்தே பார்த்துவிட்டார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதி உண்மை, பாதி தவறு.

பேராயர் பெக்கட் 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். உடலை நிலவறையில் புதைத்தார்கள், அது உண்மை. ஆனால் 50 ஆண்டுகள்தான் அங்கே இருந்தது. 1220 ஜூலை 7 அன்று மேலே திரித்துவ சிற்றாலயத்தில் பொன்னும் மணியும் இழைத்த புதிய பேழைக்கு மாற்றினார்கள். 'கறுப்பு இளவரசர்' எனப்பட்ட இங்கிலாந்து இளவரசர் எட்வர்டும் மன்னர் நான்காம் ஹென்றியும் அதன் அருகிலேயே அடக்கமானார்கள். அந்த இடத்துக்கு அவ்வளவு மவுசு!

1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி அந்தப் பேழை தகர்க்கப்பட்டது. நகைகள் அரச கருவூலத்துக்குப் போயின. எலும்புகளை எரித்துவிட்டதாக போப் தரப்பு குற்றம்சாட்டியது. இன்று அங்கே வெறும் தரைதான். நடுவில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது.

சரி, 1888 விஷயம்? நிலவறையில் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது நிஜம். பெக்கட்தான் என்று பலர் நம்பவும் செய்தார்கள். ஆனால் 1949இல் மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, அவை அவருடையவை அல்ல என்ற முடிவுக்கே வந்தார்கள். அவர் மண்டையில் விழுந்த வாள்வெட்டை நேரில் கண்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு இந்த மண்டையோடு பொருந்தவில்லை. பதிவு இந்தப் பிற்பாதியைத்தான் விட்டுவிட்டது.