பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்

“குழந்தை திடீரென்று குறுக்கே ஓடினால் ஓட்டுநர் என்ன செய்வார்?” என்று கேட்பவர்களுக்கு: குழந்தை என்றால் ஓடத்தான் செய்யும். அதை எதிர்பார்த்து ஓட்டுவதுதான் ஓட்டுநரின் வேலை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் வண்டியின் ஆற்றல், 30-ல் மோதுவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் சாலையை அகலமாக, நேராகப் போட்டுவிட்டு ‘30’ என்று பலகை மட்டும் வைத்தால் யார் மெதுவாகப் போவார்கள்? கடக்கும் இடத்தில் சாலையைக் குறுக்க வேண்டும், மேடாக்க வேண்டும். முக்கியமாக, அங்கே வண்டி நிறுத்த விடக்கூடாது. நிறுத்திய வேனுக்குப் பின்னால் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை, வண்டி வருகிறதா என்று பார்க்கவே சாலைக்குள் இறங்கியாக வேண்டும்! சாலையை வடிவமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே ஏற்றுக்கொண்டது. இன்னும் ஏற்காத நாடுகள் எதற்குக் காத்திருக்கின்றன?