கைடை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பினாங்கு பிறையில் எங்கள் பட்டறை பேண்ட் சாவை, அதாவது வளையப் பிளேடு ஓடும் மர அறுவை மிஷினை, யார் தொட்டாலும், பிளேடைத் தாங்கி நேராக ஓடவைக்கும் மேல் கைடை உச்சியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அறுப்பது ஒரு அங்குல மெராந்திப் பலகை. அதற்கு மேலே அரை அடிக்குப் பிளேடு மூடாமல் ஓடுகிறது. கட்டைக்கு மேல் 6 மில்லிமீட்டர் விட்டு இறக்கினால் போதாதா? ஒரு திருகைத் தளர்த்தி இறுக்கும் வேலைதானே! அப்புறம் அந்தக் கையுறை. பல்லில் நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும் என்று எத்தனை முறைதான் தொண்டை கிழியக் கத்துவது? உருளைக் கட்டையைத் தாங்கல் எதுவும் இல்லாமல் வெறுங்கையில் பிடித்து அறுக்கிறார்கள். அது சுழன்றால் விரல் என்ன ஆகும்? சாயங்காலம் பிளேடைத் தளர்த்துவதும் கிடையாது, பிளேடு சுற்றும் சக்கர ரப்பரில் அப்பிய தூளைத் துடைப்பதும் கிடையாது. காலையில் பிளேடு விலகி ஓடினால் மட்டும், "அண்ணே, மிஷின் சரியில்லை" என்று வந்து நிற்கிறார்கள். மிஷினுக்கு என்ன கேடு?