எழுபதுக்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது?

நேற்று ஒரு நேரலை நிகழ்ச்சி பார்த்தேன். "எழுபது வயசுக்கு மேல கவுன்சலிங் எதுக்கு? தூங்க ஒரு மாத்திரை போதும்" என்றார் மேடையில் ஒரு மருத்துவர். அரங்கமே கைதட்டியது. ராத்திரி முழுக்க அந்தக் கைதட்டல்தான் காதில்.

முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. மனச்சோர்வு ஒரு நோய். உளவியலாளரோடு பேசிப் பெறும் பேச்சு சிகிச்சையில் முதியவர்களுக்கும் அது குணமாகிறது.

ஐம்பதை நெருங்கியவர்களின் மனம் வளைந்து கொடுக்காது என்று 1900களின் தொடக்கத்தில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு எழுதினார். அப்போது அவருக்கே ஐம்பதை ஒட்டிய வயது. இன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் பேச்சு சிகிச்சைக்கு வரும் 65 தாண்டியவர்கள், இளையவர்களைவிட அதிக விகிதத்தில் தேறுகிறார்கள். ஆனால் வருபவர்கள் குறைவு. அனுப்புபவர்களும் குறைவு.

என் அம்மா "மனசு சரியில்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லை. முதுகு வலி, மறதி என்றுதான் சொல்வார். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடிப்பார். முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். கடைசியில் ஒரு உளவியலாளர், முதியவர்களின் மனச்சோர்வை அறிவதற்கான 15 கேள்விகளைக் கேட்டார். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். "வாழ்க்கை வெறுமையா இருக்கா?" என்றதும் அம்மா துண்டைக் கீழே வைத்துவிட்டு "ஆமாம்" என்றார்.

அந்த உளவியலாளர், அம்மாவுக்குக் கேட்கும் காதுப் பக்கமாக உட்கார்ந்து, நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுப்பார். தினம் ஒரு சின்ன வேலை, அப்புறம் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். முதல் வாரம் முழுக்க 2. ஒன்பதாவது வாரம் ஒரு 6.

வீட்டிலேயே பேசினால் போதாதா என்பீர்கள். பேசினோமே! "கவலைப்படாதீங்கம்மா" என்றோம். பேச்சை முடித்துவைக்கிற வாக்கியம் அது. உளவியலாளரோ "அப்புறம்?" என்று கேட்டுக் காத்திருந்தார். எனக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற பயத்தை அம்மா என்னிடமே எப்படிச் சொல்வார்?

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் அதற்கான மருந்து வேண்டும். மருந்து, பேச்சு இரண்டையும் சேர்த்தும் கொடுப்பார்கள். ஆனால் தூக்க மாத்திரை மனச்சோர்வுக்கு மருந்தே இல்லை. வயதானவர்கள் தடுமாறி விழும் ஆபத்தையும் அது கூட்டும். இதை ஒரு மருத்துவர் மேடையில் மறக்கலாமா?



கைதட்டியவர்கள்மேல் காலையில் இருந்த கோபம் இப்போது இல்லை. "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று இரண்டு வருடம் நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கேட்கும் காதுப் பக்கம் நின்றுகொண்டு.