ஒத்திக்கு விட்ட வீட்டில் வாடகை ஏது?

மதுரையில் நான்கு போர்ஷன் உள்ள காம்பவுண்டு வீடு ஒன்றைச் சென்ற மாதம் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று சென்ட் மனை, இருபத்தைந்து ஆண்டுக் கட்டடம், சொல்லும் விலை 85 லட்சம். மாதம் 34,000 ரூபாய் வாடகை வருவதாகவும், வங்கித் தவணையை வீடே கட்டிக்கொள்ளும் என்றும் தரகர் சொன்னார். எட்டரை சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில் 34,000 ரூபாய் ஏறத்தாழ 39 லட்சம் கடனைத்தான் தாங்கும் என்பதை அவரும் அறிவார். நாம் கணக்குப் போட மாட்டோம் என்ற நம்பிக்கைதான்.

இத்தகைய வீட்டுக்கு விலை கேட்கும் முன், குடியிருப்பவர்களிடம் தனித்தனியாகப் பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் பேசியபோது, மாடியில் பின்பக்கப் போர்ஷன் 4 லட்சத்துக்கு ஒத்திக்கு (மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை வாடகையில்லாமல் குடிவைப்பது) விடப்பட்டிருப்பதும், தரகர் அதற்கும் 8,500 ரூபாய் வாடகை சேர்த்துச் சொல்லியிருப்பதும் தெரிந்தன. ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பலரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நிறுத்திக்கொள்வதால், அது வில்லங்கச் சான்றில் தெரிவதில்லை. மற்ற மூவரும் தலா 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆக, வீட்டோடு சேர்த்து ஐந்தரை லட்சம் கடனும் வாங்குபவர் தலையில் விழும்.

ஒத்தியைத் திருப்பி நான்கையும் வாடகைக்கு விட்டாலும் ஆண்டுக்கு 4,08,000 ரூபாய்தான். ஒரு மாத வாடகை இழப்புக்கு 34,000, சொத்து வரி, மோட்டார், வெள்ளையடிப்பு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு 54,000 கழித்தால் மிஞ்சுவது 3,20,000. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 எனச் சதவீதம் ஒன்பதையும் கூட்டினால் அடக்க விலை 92.65 லட்சமாகிறது, நூற்றுக்கு மூன்றரை ரூபாய்கூடத் தேறவில்லை. வங்கி வைப்புத்தொகை இதைவிட அதிகம் தரும்.

எனவே நம்மூரில் விலையை மனைதான் தீர்மானிக்கிறது. வாடகை என்பது மனை விலை ஏறும்வரை தாக்குப்பிடிக்க உதவும் கைச்செலவு. அந்தத் தெருவில் சென்ட் 20 லட்சத்துக்கு அண்மையில் கைமாறியிருக்கிறது. மனைக்கு 60, பழைய கட்டடத்துக்கு 15, ஆக 75 லட்சம். அதில் ஐந்தரை லட்சத்தையும், ஒழுகும் மொட்டைமாடித் தளத்துக்கு இரண்டு லட்சத்தையும் கழித்தால் அறுபத்தேழரை, முழுத்தொகையாக 67 லட்சம் கேட்டேன். 70-க்கு மேல் போவதில்லை என்பதை முந்தின இரவே தாளில் எழுதி வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்து காபி குடிக்கும்போது மனம் இளகிவிடும்.

ஒரு பகுதியைக் கறுப்பில் கொடுத்தால் 78-க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். ஒத்தித் தொகையைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி, பாக்கிப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றபோதுதான் வீட்டுக்காரர் முகம் மாறியது. "அதை அவர்களோடு நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். 67 லட்சத்துக்குக்கூட அந்த வீடு எனக்கு வேண்டாம் என்று அப்போது முடிவு செய்தேன்.