அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க தெருவுக்கு ஒரு தடவை கொண்டு வாங்க

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி போன் செய்தார். வியாசர்பாடியில் பெரிய சுவர் ஒன்று கிடைத்திருக்கிறதாம். "நல்ல காரியம்க்கா, சூப்பரா ஓவியம் வரையப் போறோம், தமிழ்ல ஒரு வாசகம் மட்டும் டிசைன் பண்ணிக் கொடுங்க" என்றார். என்ன காரியம் தம்பி என்று கேட்டேன். "அவேர்னஸ்க்கா" என்றார். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. லீவு நாளில் வெயிலில் நின்று சுவர் வரைய வருகிற பிள்ளையின் மனசு நல்ல மனசுதான். ஆனால் போனில் சொல்ல முடியாமல் போன சில விஷயங்கள் இருக்கின்றன. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

நான் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் பதினாறு வருடமாக டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கிற வேலை), ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையில் வந்துதான் போகும். அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கிய 1995 காலத்தில், ராயபுரம் பக்கம் சுவர் சுவராக எழுதினார். எனக்கு அப்போது எட்டு வயசு, கூடவே போவேன். முதல் நாள் சுண்ணாம்பு அடிப்பார். காய்ந்ததும் ஒரு நூல் கயிற்றை நீலப் பொடியில் புரட்டி, ஒரு முனையை நான் சுவரோடு அழுத்திப் பிடிக்க, இன்னொரு முனையை அவர் இழுத்துச் சுண்டுவார். பட்டென்று நீலக் கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் எழுத்து. ஒரு வரி முடிந்ததும் பிரஷ்ஷை டப்பா மேல் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போவார். டீ குடிக்க இல்லை. அங்கே நிற்கிற யாரிடமாவது சுவரைக் காட்டி, "அண்ணே, அத கொஞ்சம் படிங்க" என்பார். அவர் எந்த இடத்தில் தட்டித் தடுமாறுகிறாரோ அந்த எழுத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். தேதியில் தடுமாறினால் தேதியைப் பெரிதாக்குவார்.

2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த செய்தி டிவியில் ஓடியபோது அப்பா கட்டிலில் இருந்தார். "அதுல என் எழுத்தும் கீது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நல்ல காரியத்துக்கு வடிவமைப்பு என்று யார் பேசினாலும் எனக்கு அந்த டீக்கடைதான் ஞாபகம் வரும். எதிர்ப்பக்கம் போய் நின்று, அந்தத் தெருக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற அந்த ஐந்து நிமிஷம். அது இல்லாமல் வந்த எத்தனையோ சுவர்களும் போஸ்டர்களும் எங்கள் ஏரியாவில் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவியது. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மீனவர்கள் மக்காலும் பக்கெட்டாலும் எண்ணெயை அள்ளினார்கள். படகு, வலை, கை, கால் எல்லாம் பிசின். கொஞ்ச நாளில் அரிப்பும் கொப்புளமும் தொடங்கியது. ஒரு தன்னார்வக் குழு மருத்துவ முகாம் நடத்த முன்வந்தது. நல்ல குழு, இன்றைக்கும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. போஸ்டரை எங்கேயோ நல்ல ஸ்டூடியோவில் செய்து வாங்கி, அச்சடிக்க என்னிடம் ஃபைல் அனுப்பினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கறுப்பு அலை, அதில் ஒற்றைப் பறவை, கீழே மெல்லிய எழுத்தில் "மாசிலிருந்து உங்கள் சருமத்தைக் காத்திடுவீர்". அதற்குக் கீழே ஏழு குறிப்புகள். முகாம் தேதி அடியில், மூலையில்.

அச்சில் ஏற்றும் முன் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு எண்ணூர் போனேன். மீன் விற்கிற ஒரு ஆயாவிடம் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "காக்கா படம் போட்டுகீது. இன்னா எய்திகீது, நீயே படிச்சி சொல்லு கண்ணு" என்றார். படித்தேன். சருமம் என்ற இடத்தில் நிறுத்தி, "அது இன்னாது?" என்றார். தோல் ஆயா என்றேன். "தோலுன்னு போட வேண்டியதுதானே."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா, கையுறை போடச் சொல்லியிருந்த குறிப்பைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கழிமுகத்தில் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். கையுறை போட்டால் இறால் தட்டுப்படாது. அந்தக் குறிப்பை யார் எழுதினாரோ, அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி அந்த அக்காவைக் கேட்பதுதான். ஐந்தாவது குறிப்பில்தான் விஷயம் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவக்கூடாது என்று. அங்கே இருந்த அத்தனை பேரும் அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பிசின் போக வேறு வழி தெரியவில்லை. தோல் எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். மேலே பெரிதாக: "கை கால் அரிக்குதா? மண்ணெண்ணெயில் கழுவாதீங்க." கீழே டாக்டர் வருகிற கிழமை, மணி, கோயில் பக்கம் என்று இடம். கடைசி வரி "காசு இல்லை" என்று போட்டிருந்தேன். மறுநாள் அதே ஆயாவிடம் கொண்டு போனபோது அந்த வரியில் விரலை வைத்தார். "யாருக்குக் காசு இல்ல? நமக்கா, டாக்டருக்கா? காசு வாங்க மாட்டாங்கன்னு போடு." போட்டேன். எங்கே ஒட்டலாம் என்று கேட்டதற்கும் பதில் அவரே சொன்னார். குடத்தோடு வரிசையில் நிற்கிற சின்டெக்ஸ் தொட்டியில் ஒட்டு, அங்கதான் பொம்பளைங்க அரை மணி நேரம் சும்மா நிக்கறோம் என்றார்.

பதினாறு வருடத்தில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அந்தத் தாள்தான். கறுப்பு வெள்ளை, ஒரே ஃபான்ட். முகாம் அன்று அந்தத் தொட்டிப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். அந்த ஸ்டூடியோக்காரர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் நினைக்காதீர்கள். என்னைவிட நூறு மடங்கு திறமை. அவர்களுக்கு அந்த ஆயா கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

படம், எழுத்து, கோடு எல்லாம் எவ்வளவு பலமானது என்பதற்கு எண்ணூரே சாட்சி. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது, கட்டுமானம் கூடாத பகுதியாக. பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். சுமார் 6,500 ஏக்கர், தண்ணீரும் அலையாத்தியும் மீனுமாக இருந்தது, தாளில் இல்லாமல் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஊருக்கே விஷயம் புரிந்தது. நூறு பக்க அறிக்கை செய்யாததை இரண்டு படம் செய்தது. என் தொழிலின் மேல் எனக்கு மரியாதையும் பயமும் சேர்ந்து வந்தது அதைப் பார்த்தபோதுதான்.

2017இன் தொடக்கத்தில் சென்னை பொறம்போக்கு பாடல் வந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர் கழிமுகத்தில் நின்றே பாடிப் படம் பிடித்தார்கள். பொறம்போக்கு என்றால் ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், கடற்கரை என்று யாருக்கும் பட்டா இல்லாத, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். அது எங்கள் ஆட்களைத் திட்டுகிற வார்த்தையாக மாறிப்போனது. அந்தப் பாட்டு அதைத் திரும்ப எடுத்து, மெட்ராஸ் பாஷையிலேயே, கர்நாடக ராகத்தில் வைத்தது. சபாவில் பாட்டுக் கேட்கிறவர்களும் அனல்மின் நிலையச் சாம்பல் மூடின ஆற்றைப் பார்த்தார்கள். வெளியில் இருந்து வருகிற கலைஞர்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வந்து, எங்கள் வார்த்தையைக் கேட்டு, எங்கள் தண்ணீர் பக்கத்தில் நின்றவர்களை நாங்கள் மறக்கவில்லை.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் தமிழ்நாடு முழுக்க இருந்தது. இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986இல் இதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். பதினைந்து வருடம் கழித்தும் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க முடியாத நிலைமையில், ஒரே வரியில் பெரியவர் முதல் பொடிசு வரை எல்லோரையும் பேச வைத்தது அந்த விளம்பரம். தொழில்காரியாகச் சொல்கிறேன், தமிழில் அதுபோல மனசில் ஒட்டின வாசகம் குறைவு.

ஆனால் எங்கள் தெருவில் லாரி ஓட்டிய ஒரு அண்ணன் இருந்தார். உடம்பு இளைத்துப் போனார். அவருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. பசங்கள் அவரைப் புள்ளிராஜா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருடைய பெண் என் வகுப்பு. அவள் பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். விளம்பரம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நோய் வராதவரிடம் பேசுவதற்காக எழுதியது அது, நோய் வந்தவர் வீட்டு வாசலில் அது எப்படிக் கேட்கும் என்று பார்க்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரை முன்கூட்டியே கேட்டிருந்தால்?

சில வருடங்களுக்கு முன் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த முகங்களை நான் பறக்கும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எச்ஐவியோடு வாழ்கிறவர்கள் முகமும் மற்றவர்கள் முகமும் கலந்து, பெரிசு பெரிசாக. எல்லாம் நம்மைப் போன்ற முகம். அந்தத் தோழி இதைப் பார்த்திருப்பாளா என்று நினைத்தேன்.

கேமராவையே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படம் பிடித்த எம். பழனிகுமார், 2022இல் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில், கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்கிற பாரி இணையதளம் கொடுத்த முதல் ஆவணப் புகைப்பட விருது வாங்கியவர், உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார். அம்மா வேலை செய்வதை மகளே எடுக்கிறாள். அந்தப் படத்தில் அம்மா யாருக்காகவும் பாவமாக நிற்க வேண்டியதில்லை. வடசென்னை என்றாலே கத்தியும் ரத்தமும் என்று திரையில் பார்த்துப் பழகினவர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "நல்ல காரியத்துக்குத்தானே, சும்மா செஞ்சு கொடுங்க" என்று வருடத்துக்கு எத்தனையோ பேர் கேட்கிறார்கள். பெயிண்டுக்குக் காசு இருக்கிறது, டிரோன் கேமராவுக்கு வாடகை இருக்கிறது, திறப்பு விழாவுக்கு மேடை இருக்கிறது. ஏரியாவில் இருக்கிற போர்டு ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும் டீயும் சான்றிதழும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போன ஆர்ட்டிஸ்டுகள் எங்கள் பக்கம் நிறைய. ஒரு சுவருக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு நாள் கூலி கொடுங்கள். தமிழ் எழுத்தை எவ்வளவு தூரத்தில் இருந்து படிக்க எவ்வளவு பெரிசாக எழுத வேண்டும் என்று அவருக்குக் கையிலேயே இருக்கிறது. அப்பாவுக்குச் சொட்டு மருந்துச் சுவருக்குக் கூலி வந்தது. அந்தக் காசில்தான் எனக்கு அந்த வருடம் பள்ளிக்கூட ஷூ.

ஃபிளெக்ஸ் அடித்துப் பிழைக்கிற நானே இதையும் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் நிகழ்ச்சிக்கு ஃபிளெக்ஸ் கேட்காதீர்கள், துணியிலோ தாளிலோ செய்து தருகிறேன். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத்தான் போகும், எரிந்தால் புகை எங்கள் வீட்டுக்கு வரும். கொஞ்சம் தப்பிப் பிழைப்பது குப்பத்தில் கூரைக்கும் கருவாடு காயப் போடவும் போகிறது.

வியாசர்பாடித் தம்பியிடம் நேற்று மறுபடி பேசினேன். முதலில் அந்தச் சுவருக்கு எதிரே இருக்கிற வீடுகளில் போய் உட்காருங்கள், தினமும் அதைப் பார்க்கப் போவது அவர்கள்தான் என்றேன். போயிருக்கிறார். அந்தச் சுவர் ஓரத்தில்தான் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், மின்சாரப் பெட்டி அதில் முங்கும், பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஏதாவது வரைந்து கொடுப்பா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "இது போதுமாக்கா?" என்று கேட்டார். தாராளமாகப் போதும் தம்பி என்றேன்.

வடசென்னைக்காக யாராவது போஸ்டரோ சுவரோ சின்னப் புத்தகமோ செய்கிறீர்கள் என்றால், அச்சுக்கு முன்னால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை லீவு. காசிமேட்டிலோ எண்ணூரிலோ நாலு பேரிடம் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், அதற்கு எனக்குக் காசு வேண்டாம். ஒரே ஒரு ஏ3 பிரிண்ட் எடுத்து வாருங்கள். கறுப்பு வெள்ளை போதும், கலர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.